அன்னம்மா கிளம்பிய காலை

"வண்டி வந்துச்சா? வண்டி வந்துச்சா?"

வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவே அன்னம்மா ஓடிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது தடவை கேட்டபோது பாஞ்சாலிக்கு அவள் முதுகில் ஒன்று வைக்கலாமா என்று கை பரபரத்தது.

"ஏன்டி இப்படிப் பறக்கற? இந்த வீடு உன்ன முள்ளா குத்துது?"

"ஜல்தி போவணும்!" என்றாள் அந்த நாலு வயசுக்காரி, ஒற்றைக் காலில் குதித்தபடி.

பாஞ்சாலி காசநோய் ஆஸ்பத்திரியில் ஆயா. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் சந்திரம்மா என்ற நோயாளி கைக்குழந்தையோடு அங்கே வந்து சேர்ந்தாள். குழந்தை வார்டில் இருக்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். புருஷன் ஜெயராமனுக்குப் பத்ராவதி இரும்பாலையில் ஷிப்ட் வேலை. சொந்தக்காரர்களோ நோய்க்குப் பயந்து குழந்தையைத் தொடக்கூட மறுத்தார்கள்.

"நீ குணமாவற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லி, ஸ்ரீராம்புரத்து வீட்டுக்குத் தூக்கி வந்தவள் பாஞ்சாலிதான். அவளுக்கென்று வேறு யாரும் இல்லை.

இப்போது சந்திரம்மா குணமாகி ஊர் திரும்பிவிட்டாள். குழந்தையைக் கூட்டிப்போக நேற்று சாயங்காலம் ஜெயராமன் வந்துவிட்டான்.

இந்த நாளுக்காக பாஞ்சாலி ஒரு மாதமாகவே மனசைத் தயார் செய்து வைத்திருந்தாள். குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதால் என்ன சொல்வது, தசராவுக்கு வந்து பார்க்கிறேன் என்று எப்படித் தேற்றுவது, எல்லாம் யோசித்தாயிற்று. இது அழுதால்தானே?

விடியற்காலையில் எழுந்து கேசரி கிண்டினாள். அன்னம்மா இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளிவிட்டாள்.

"மீதி யாருக்குடி?"

"வண்டில சாப்பிடலாம்!"

அதற்குள் பக்கத்து வீட்டு ஜோசஃபின் எட்டிப் பார்த்தாள். பாஞ்சாலி டியூட்டிக்குப் போகும்போதெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவளைக் கண்டதும் அன்னம்மா பெருமையாகக் கத்தினாள்.

"ஆன்ட்டி, நாங்க ஊருக்குப் போறோம்! நாளைக்குக் கொழாய்க்குத் தண்ணி பிடிக்க வரமாட்டோம்!"

'நாங்க'ளாமே! நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்த அப்பன். ஒரே ராத்திரியில் 'நாங்க' ஆகிவிட்டது. பாஞ்சாலி அவள் சடையில் ரிப்பனை வெடுக்கென்று இழுத்து முடிந்தாள்.

"ம்மா, வலிக்குது!"

"வலிக்கட்டும்."

"கொழந்த மேல ஏன் காட்டற? அதுக்கு என்னா தெரியும்?" என்றாள் ஜோசஃபின்.

"தெரியாதா? எல்லாம் தெரியும். அம்மை போட்டப்ப ராத்திரி பகலா மடியில வெச்சிருந்தேன். அது ஒண்ணுதான் தெரியாது."

தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்த ஜெயராமன் நிமிர்ந்தான். சாது மனுஷன். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான் போலும்.

"நல்லவேளைக்கா. அழுது ரகளை பண்ணுவாளோன்னு பயந்துகினே வந்தேன். 'ஊருக்குப் போலாமா'ன்னு கேட்டதும் குதிச்சிட்டா."

பாஞ்சாலி சீப்பைத் தரையில் போட்டாள். "எனக்கும் பேஜாரு விட்டுது. இனிமே நிம்மதியா டியூட்டிக்குப் போவேன்" என்று குழந்தை காதில் விழும்படி உரக்கச் சொன்னாள். அன்னம்மா காதில் எதுவும் விழவில்லை. தெருமுனையில் குதிரை மணிச்சத்தம் கேட்டுவிட்டது.

'என்னை விட்டுட்டுப் போறியே, உனக்கு ஒண்ணுமே இல்லையாடி?' கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கையேந்துவது போல இருந்தது. கேட்கவில்லை.

ஜட்கா வாசலில் வந்து நின்றதும் அன்னம்மா யாரும் தூக்கிவிடுமுன் தானே தொற்றி ஏறிக்கொண்டாள். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஜோசஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி அழுகிறாள், வளர்த்த பிள்ளைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

ஜெயராமன் காலைத் தொடக் குனிந்தான். பாஞ்சாலி பின்வாங்கினாள்.

"அதெல்லாம் வேணாம்ப்பா. போய் உக்காரு."

அவன் ஏறி உட்கார்ந்தான். "அப்பா, தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு" என்று அன்னம்மா அவனை இரண்டு கையாலும் ஓரத்துக்குத் தள்ளினாள்.

"ஜல்தி ஆவட்டும், ரயிலுக்கு டைம் ஆச்சு" என்று வண்டிக்காரன் கடிவாளத்தைக் கையில் எடுத்தான்.

கையாவது ஆட்டுமா என்று பாஞ்சாலி பார்த்தாள். அதுவும் இல்லை. போதும், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று திரும்பினாள்.

வண்டிக்குள்ளிருந்து அதட்டலாக வந்தது குரல்.

"ஏம்மா நிக்கற? ஏறு!"