உள்ளூர் வளம்

“என்ன டீச்சர், கடைசி வரிசைல போய் உக்காந்துட்டீங்க? இன்னைக்கு விழாவே உங்களுக்காகத்தான். முன்னாடி வாங்க!”

கல்வித்துறை இணை இயக்குநரே மேடையிலிருந்து இறங்கி வந்து கூப்பிட்டதும், கல்லு டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருட சர்வீஸில் அந்த மனிதர் அவரைக் கூப்பிட்டதெல்லாம் விளக்கம் கேட்கத்தான்.

கல்லு டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். அவருடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, நாலைந்து கல் கட்டாயம் இருக்கும். எல்லாம் ஊருக்கு வெளியே இருந்த சின்னச் சுண்ணாம்புக்கல் குன்றில் பொறுக்கியவை. நோட்டுப் புத்தகங்களை அடுக்கியதுபோல அந்தக் குன்று முழுக்கப் பாறை அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கிலும் கல்லாகிப்போன கிளிஞ்சல்கள். பெயருக்குக்கூடக் கடல் இல்லாத ஊரில், ஒரு காலத்தில் கடல் கிடந்ததற்கு அதுதான் அத்தாட்சி.

பிள்ளைகளை ஒரே ஒரு தடவை அங்கே கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்க வைக்க வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. அனுமதி கேட்கும்போதெல்லாம் மேலிடத்திலிருந்து ஒரே பதில்தான் வரும்: “பாம்பு கீம்பு கடிச்சா யாரும்மா பொறுப்பு?” பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் பாறைப் படம் கடிக்காது என்பதால், எல்லா வருடமும் அதைக் காட்டியே பாடம் முடிந்தது.

போன வருடம் திடீரென்று காற்று திசை மாறியது. ‘உள்ளூர்ப் புவி அறிவியல் வளங்களைக் கண்டறிவோம்’ என்று ஒரு திட்டம் வந்து இறங்கியது. ஆசிரியர்களையெல்லாம் ஒரு ஹாலில் உட்கார வைத்து, யார் யார் பகுதியில் என்னென்ன வளம் இருக்கிறது என்று கேட்டார் இணை இயக்குநர்.

ஓர் ஆசிரியர் எழுந்து எரிமலைப் படம் ஒன்றை நீட்டினார்.

“இது எந்த ஊர் எரிமலைங்க?”

“அது தெரியல சார். ஆனா பிரிண்ட் போட்டது நம்ம பஸ் ஸ்டாண்டு கடைலதான்.”

இன்னொருவர் உலக உருண்டையைக் கொண்டுவந்திருந்தார். நம் ஊரும் இதற்குள்தானே இருக்கிறது என்பது அவர் வாதம். அதை மறுக்க அங்கே யாராலும் முடியவில்லை.

அப்போதுதான் கல்லு டீச்சர் எழுந்து குன்றைப் பற்றிச் சொன்னார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கல்லு உறுதியா இருக்குமா டீச்சர்?”

“கடப்பாறை போட்டாலும் அசையாது சார். பிள்ளைங்க பயமில்லாம ஏறலாம்.”

“பெரிய வண்டி உள்ள போகுமா?”

“தாராளமா போகும் சார். ரெண்டு பஸ்ஸை சேர்ந்தாப்பல நிறுத்தலாம்.”

பிள்ளைகள் எந்த வண்டியில் போவார்கள் என்பது வரை யோசிக்கிற ஓர் அதிகாரியை டீச்சர் அன்றுதான் பார்த்தார்.

அடுத்த வாரமே மகளின் பிரசவத்துக்காக நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வெளியூர் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்து சக ஆசிரியைக்குப் போன் போட்டு, “அனுமதி வந்துச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அது தெரியல டீச்சர். ஆனா புவி அறிவியல் வள மையம்னு ஒண்ணு கட்டுறாங்க பாருங்க, என்ன வேகம்ங்கறீங்க! காலைல ஒரு சுவர், சாயங்காலம் போய்ப் பார்த்தா ரெண்டு சுவர். இது நம்ம டிபார்ட்மெண்ட் வேலைதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு.”

மையத்தின் திறப்பு விழா அன்று காலையில்தான் டீச்சர் ரயிலில் வந்து இறங்கினார். பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேராக இங்கே வந்துவிட்டார்.

மையம் அமர்க்களமாகத்தான் இருந்தது. ஏசி ஓடியது. உள்ளே பல்பு எரியும் பிளாஸ்டிக் எரிமலை, சுவர் நிறையப் பனிமலைப் படங்கள், வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு டைனோசர். ஊர் மண் மட்டும்தான் இல்லை. அதை வாசலிலேயே மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

“நம்ம கண்ணு முன்னாடியே கிடந்த வளம்!” மைக்கைப் பிடித்து முழங்கினார் இணை இயக்குநர். “யாருக்குமே அதோட அருமை தெரியல. துறைக்கு அதைக் காட்டிக்கொடுத்த புண்ணியவதி நம்ம டீச்சர்தான்!”

ஹாலே கைதட்டியது. டீச்சரை மேடையேற்றி, கையில் ஒரு கேடயத்தைத் திணித்தார்கள். அவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பாறையில் பதிந்த கிளிஞ்சலை முதல்முதலாகத் தொட்டதும் பிள்ளைகள் போடப்போகும் கூச்சல் இப்போதே அவர் காதில் கேட்டது.

“சார், நாளைக்கே பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“எங்க?”

“குன்றுக்குத்தான் சார். இனிமே அனுமதிக்கு ஒண்ணும் பிரச்சினை இருக்காதுல்ல?”

இணை இயக்குநர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அங்க என்ன டீச்சர் இருக்கு, பள்ளம்தானே?”

டீச்சருக்கு விளங்கவில்லை. இணை இயக்குநர் சிரித்துக்கொண்டே குனிந்து, மேடையில் விரித்திருந்த கம்பளத்தின் ஓரத்தைப் பெருமையாகப் புரட்டிக் காட்டினார். மெருகேற்றிய தரைக் கற்களில் கிளிஞ்சல்கள் பளபளத்தன.

“நீங்க நிக்கிறதே உங்க குன்று மேலதான்!”