மோட்டார் சத்தம்

அழகுபாண்டி தலை நரைத்த பிறகும் வானொலிக்காகச் சினிமாக்காரர்களைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். பேட்டி முடிந்ததும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி, அந்த இடத்தின் அமைதியையும் கொஞ்சம் பதிவார். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடுக்கில் நிரப்ப அது உதவும். எத்தனையோ நடிகைகளின் குரலைச் சேர்த்து வைத்தவரிடம், போன வருஷம் செத்துப்போன மனைவி ரெங்கம்மாளின் குரல் மட்டும் இல்லை. வீட்டில் மைக்கை எடுத்ததுமே அவளைத்தான் முதலில் அதட்டி அடக்குவார்.

திருமங்கலத்தில் ஒரு காமெடி நடிகரைப் பேட்டி எடுத்த அன்று, கடைசியில் பதிந்த அமைதியைப் போட்டுக் கேட்டார்.

"மோட்டார அமத்துனீங்களா?" என்றாள் ரெங்கம்மாள்.

பதிவுக் கருவியை வானொலி நிலையத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். மாடித்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் எடிட்டர் பாண்டீஸ்வரி கருவியைத் திருப்பித் தந்தாள். "கடைசில ஏதோ பொம்பளக் குரல் விழுந்திருந்துச்சுண்ணே. அழிச்சிட்டேன். இப்பச் சுத்தமா இருக்கு."

"நல்லதும்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பதிந்த அமைதியெல்லாம் சுத்தமாகவே இருக்கிறது. இப்போது தினமும் மோட்டாரைப் போட்டுவிட்டு, நடுவீட்டில் மைக்கை நீட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் படியிறங்கித் தெருமுனை வரைக்கும் போய்விட்டது.