ஞாபகத்துக்கு வராத முகம்

முதல் குண்டு நீதிபதி எக்கார்ட் தீமானின் கறுப்பு அங்கியைக் கிழித்துக்கொண்டு போய், பக்கத்தில் நடந்துவந்த ரோஸ்விதாவின் தோளில் பாய்ந்தது. மாவட்ட அலுவலகத்தின் மேல் யார் வழக்குப் போட்டாலும் அலுவலகத்துக்காக வாதாட வருகிறவள் அவள்.

நீதிமன்ற நடைவழியின் கோடியில் பச்சை மேலங்கி போட்ட ஒருவன் வேட்டைத் துப்பாக்கியோடு நின்றான். தடுக்கப் பாய்ந்த காவலரின் முகத்தில் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தான். மூக்கு உடைந்து, பல் தெறித்து, காவலர் படிக்கட்டில் உருண்டார்.

"ஓடிடுங்க ஐயா!" என்றாள் ரோஸ்விதா.

எக்கார்ட் ஓடவில்லை. காபி இயந்திரத்தின் மறைவுக்கு அவளை இழுத்துப் போய், அங்கியைக் கழற்றிக் காயத்தில் வைத்து அழுத்தினார். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

"நான் அப்பவே சொன்னேனே ஐயா..."

"பேசாதீங்கம்மா. எனக்கு வச்ச குறி, உங்க மேல பட்டுடுச்சு."

வடக்கு ஜெர்மனியின் நிர்வாக நீதிமன்றங்களில் இருபத்தாறு வருடம். வீட்டு அனுமதி, அகதி மனு, ஊர்வலத் தடை, ஆயுத உரிமம் என்று எத்தனையோ தீர்ப்பு எழுதியவர். ஒன்றைக்கூட மேல் நீதிமன்றம் மாற்றியதில்லை. அடுத்த மாதம் அந்த மேல் நீதிமன்றத்துக்கே பதவி உயர்வு.

தோற்றுப்போனவர்களின் முகம் ஒவ்வொன்றும் அவர் கண்ணிலேயே நிற்கும். வழக்குக் கோப்பைத் தூக்கி வீசியவன், அங்கியில் காறித் துப்பியவள், அப்படியே மயங்கிச் சரிந்த கிழவர். இவன் முகம் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இரண்டாவது குண்டு காபி இயந்திரத்தைத் துளைத்தது. கொதிநீர் அவர் கழுத்தில் பீய்ச்சியடித்தது. பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

எக்கார்ட் கைகளை விரித்து ரோஸ்விதாவுக்குக் குறுக்கே நின்றார்.

"நில்லுப்பா! தீர்ப்பு எழுதினது நான். கோபம் இருந்தா என்னைச் சுடு. அந்தம்மாவை விட்டுடு, அவங்க செஞ்சது அவங்க வேலை."

"நகருங்க ஐயா."

"நகரமாட்டேன்!"

துப்பாக்கிக் கட்டை அவர் விலாவில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. விழுந்தபடியே அவன் காலைக் கட்டிப் பிடித்தார். அவன் உதறிவிட்டு, குனிந்து, மூன்றாவது முறை சுட்டான்.

ரோஸ்விதாவின் முனகல் நின்றது.

"பாவி... உனக்கு நான் என்னடா அநியாயம் பண்ணேன்? அவளைப் போய் ஏன்டா..."

அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். பெரியவரை இடித்துவிட்டோமே என்ற சங்கடம் அவன் முகத்தில் உண்மையாகவே தெரிந்தது.

"உங்க மேல எனக்கென்ன கோபம்? ஆபத்தான ஆளுன்னு சொல்லி இந்தத் துப்பாக்கியைப் பிடுங்கினது அந்தம்மா. திருப்பிக் கொடுக்கச் சொன்னதே நீங்கதானே ஐயா!"