ஒன்பதாவது வாரம்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். காபி போட்டான். குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இடது காலை நீட்டினான்.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். பத்துவரை எண்ணினான். விரலை எடுத்தான்.

எலும்பு கூடுவதற்கான ஒலியலைக் கருவியை அதே இடத்தில் கட்டிக்கொண்டான். இருபது நிமிடம் கழித்து அது கூவியது. கழற்றினான். காபி ஆறிப்போயிருந்தது. குடித்தான்.

எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ள, முழங்கால்வரை வரும் கறுப்பு பூட்ஸை மாட்டி, பட்டைகளை ஒவ்வொன்றாக இறுக்கினான்.

ரஸ்ஸல் பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவன். ஓடி ஓடியே எலும்பில் விரிசல் விழுந்தது. எக்ஸ்ரேயில் அது குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, மயிரிழை அகலம். எலும்பின் பின்பக்கம் விழுந்திருந்தால் ஆறேழு வாரத்தில் மறந்துவிடலாம். அவனுக்கு விழுந்தது முன்பக்கம். அவசரப்பட்டு ஓடினால் ஏதோ ஓர் அடியில் எலும்பு இரண்டாகும். அப்புறம் உள்ளே கம்பி. பழைய வேகம் திரும்பி வருமா என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

பன்னிரண்டு வாரம் ஓடக்கூடாது என்று எழுதிக்கொடுத்தவள் டெலியா. பல்கலைக்கழக அணிக்குப் பிசியோதெரபிஸ்ட். அவன் மனைவி.

செத்துப்போனாள். இருபத்தொன்பது வயது.

ஏழு மணிக்கு, டெலியாவின் நினைவு ஓட்டம் நடக்கும் மைதானத்துக்குப் போனான். பைன் மரங்களுக்குக் கீழே நானூறு பேர் நின்றார்கள். அவர்கள் ஊரான ஃப்ளாக்ஸ்டாஃபில் நாலு பேர் கூடினால் மூன்று பேர் ஓடுகிறவர்கள். மூன்று பேருக்கும் காலில் ஏதாவது இருக்கும். மூன்று பேரும் ஒன்றுமில்லை என்பார்கள்.

எல்லோரும் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்கள். நெஞ்சில் பெரிதாக ‘ஓடு’. அதன் கீழே சின்னதாக, ‘டெலியா கடைசியாகச் சொன்னது’.

அதைக் கிளப்பியவர் ரஸ்ஸலின் கோச் பிரிச்சர்ட். இறுதிச் சடங்கில் பேச எழுந்தவர் உணர்ச்சிவசப்பட்டு ஏதோ சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் அது ஊருக்கே தெரிந்த உண்மையாகிவிட்டது. ரஸ்ஸல் மறுக்கவில்லை.

பிரிச்சர்ட் கையில் ஒரு ஜோடி புது ஓட்டக் காலணியோடு வந்தார்.

“இன்னும் இந்த பூட்ஸை விடலையா? நிலாவுல நடக்கப் போறவன் மாதிரி இருக்கடா. கழட்டு. மைக்ல ‘ஓடு’ன்னு நீ சொல்லணும், அதுதான் இன்னிக்குத் துப்பாக்கி. சொல்லிட்டு முன்னாடி ஓடு. மூணே மைல். என் நாயே ஓடும்.”

“பன்னண்டு வாரம் ஆகல, கோச்.”

“பதினாலு ஆச்சு. காலண்டர் என் வீட்லயும் தொங்குது.”

“ஒன்பது.”

பிரிச்சர்டின் முகம் இளகியது. அவன் தோளில் கை வைத்தார். “ரஸ், அவ போய் ஒன்பது வாரம். அது வேற. நான் உன் காலைப் பத்திப் பேசறேன்.”

“நானும் காலைப் பத்தித்தான் பேசறேன்.”

“வலிக்குதா?”

“இல்ல.”

அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பதில்தான். அவன் சொன்னது இந்த முறை உண்மை. நாலு நாளாக வலி இல்லை.

“அப்புறம் என்ன? இந்த சீசன் போச்சுன்னா உன்னை எவனும் ஞாபகம் வெச்சுக்க மாட்டான். இத்தனை பேர் அவளுக்காக வந்திருக்காங்க. அவ சொன்னதைச் செய்.”

யாரோ மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள். நானூறு பேரும் கோட்டுக்குப் பின்னால் குனிந்து தயாரானார்கள். கைக்கடிகாரங்களின் மேல் நானூறு விரல்கள்.

காலணியை வாங்காமல் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

“நான் ஓடப்போறதில்ல. டெலியா ஓடுன்னு சொல்லவும் இல்ல.”

குனிந்தவர்கள் மெல்ல நிமிர்ந்தார்கள். பிரிச்சர்ட் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினார். ரஸ்ஸல் அதை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“நீங்க ஓடுங்க, கால் நல்லா இருக்கறவங்க. சட்டைல எழுதினதுதான் தப்பு.”

“அப்ப என்னதான் சொன்னா?” முன்வரிசையில் ஒருத்தி கேட்டாள். அவள் குரலில் கோபம் இருந்தது.

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. கால் விரிசல் விட்டு ஐந்து வாரம். சனிக்கிழமை ஒரு போட்டி இருந்தது, அவனுக்கு அதில் ஓட வேண்டும். சமையலறையில், வலி போய்விட்டது என்று காட்ட, அவள் கண்ணெதிரே, இடது காலால் மட்டும் பத்து தடவை குதித்தான். முகம் சுளிக்கவில்லை. டெலியா கைதட்டப் போனாள். அப்போதுதான் பாத்திரம் கழுவும் தொட்டியருகே மூடி திறந்து கிடந்த வலி மாத்திரை டப்பாவைப் பார்த்தாள்.

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பத்து மணிக்கு, வேலையிடத்தில் காரை நிறுத்தி இறங்கியபோது, மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது.

கிளம்பும்போது வாசல் கதவைப் பிடித்தபடி அவள் சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல், ரஸ்ஸல் மைக்கில் சொன்னான்:

“மாத்திரையைப் போட்டுட்டு என் முன்னாடியே குதிச்சுக் காட்டறியா? இந்த அஞ்சு வாரமும் செல்லாது, ரஸ். மறுபடி முதல் வாரத்துலேருந்து ஆரம்பி.”