ஜெனோவாவுக்கு ஆதாரம்

“மறுபடியும் அழிச்சிட்டான்!” என்று மனைவியிடம் வந்து பொருமினார் அவர். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியத்தில், இத்தாலியின் ஜெனோவா துறைமுகம் பற்றிய கட்டுரையை ஒரு மாதமாகச் செப்பனிடுகிறார்.

“யாருங்க?”

“‘அலைவாசி’ன்னு ஒருத்தன். ஆதாரம் இல்லையாம்!”

“அப்படி என்னதான் எழுதினீங்க?”

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். இருட்டுச் சந்துகள் வளைந்து வளைந்து இறங்கி, திடீரென்று கடலாக விரிவதைச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அடுப்பில் குழம்பு அடிபிடித்தது.

“இப்ப ஆதாரத்தோட போடறேன். எப்படிக் கை வைக்கிறான்னு பார்க்கிறேன்!”

போய்விட்டார்.

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியது இந்த மாதம்தான்.

அவள் கைபேசியை எடுத்தாள். கட்டுரையில் அவருடைய புது வரி வந்ததும், ‘ஆதாரம் போதாது’ என்று குறிப்பெழுதி அந்த வரியை அழித்தாள். நாற்காலியைச் சரியாகப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.