பத்து நாள் கட்டாய விடுப்பு

கிடங்கின் தகரக் கூரையில் வெயில் சடசடக்கிறது. மகள் கல்யாணத்தன்றும் மதியமே வேலைக்கு வந்துவிட்ட கிடங்கு மேலாளர், சாவிக்கொத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரே கையை நீட்டி நிற்பவள் அவருடைய அக்கா மகள், கம்பெனிக்கு முதலாளி. "என்மேல சந்தேகமா பாப்பா?" "எல்லாருக்கும் ஒரே சட்டம் மாமா. ஆள் மாறினாத்தான் தில்லுமுல்லு வெளிய வரும். போன மாசம் நானே பத்து நாள் லீவுல போனேன்ல?" "நீ போனா கம்பெனி ஓடும். நான் போனா படுத்துரும்." "படுத்தா எழுப்பிக்கிறேன். சாவியைக் குடுங்க." நீட்டிய கை மடங்கவில்லை. கொத்து அதில் விழுகிறது, வியர்வையும் சூடுமாக. உடனே மேஜைத் தொலைபேசி அலறுகிறது. அவர் பாய்கிறார், அவள் முந்திக்கொள்கிறாள். "மாமா லீவுல இருக்காரு. பத்து நாளைக்கு நான்தான். என்ன சரக்கு, சொல்லுங்க?" மறுமுனை பேசாமல் வைத்துவிடுகிறது. யார் என்று மாமா கேட்கவில்லை. அவள் சாவிக்கொத்தோடு, அவர் மட்டுமே திறக்கும் உள்ளறையின் பூட்டை நோக்கி நடக்கிறாள்.