அவரேதான் அளந்தாரு

அதிகாரியின் விரல் பதிவேட்டில் இறங்கிக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றது.

அந்த வரியிலிருந்த எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தார். எதிர் நாற்காலியில் இருந்தவன் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

வீடு மதிப்பிடும் லைசென்ஸ் வேண்டுமென்றால் ஆயிரம் மணி நேரம் வீடு வீடாகப் போய் அளந்திருக்க வேண்டும். தேதி, விலாசம், எடுத்த நேரம், வீட்டுக்காரரின் எண், எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஏதாவது மூன்று வீடுகளை அதிகாரி பொறுக்கி எடுத்து, இந்த ஆள்தான் வந்தாரா என்று கேட்பார். ஒருவர் இல்லை என்று சொன்னால் போதும். ஆயிரமும் போச்சு. ஐந்து வருஷத்துக்கு அந்த ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

பதிவேட்டில் நூற்று நாற்பத்து மூன்று வீடுகள் இருந்தன.

அவன் உள்ளே போய் அளந்தது பதினொன்று.

மற்றதெல்லாம் அவன் மனைவி அளந்தது.

அவனுக்கு ராத்திரியில் குளிர்பதனக் கிடங்கில் வேலை. காலையில் டேப்பைப் பிடித்தால் எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பன்னிரண்டாவது வீட்டு வாசலில், "நீங்க கார்லயே கொஞ்சம் கண்ணசருங்க, நான் பாத்துக்கறேன்" என்று டேப்பை வாங்கிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். அதுவே வழக்கமாகிவிட்டது.

அவன் சீட்டைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கினான். அவள் சுவரோரமாகக் குனிந்து அளந்தாள். ஓதம் ஏறிய இடத்தைத் தட்டிப் பார்த்தாள். வீட்டுக்காரர் பதினைந்து வருஷக் கட்டடம் என்றால், ஜன்னல் கீலைப் பார்த்து முப்பது என்று குறித்துக்கொண்டாள். மேற்பார்வைக் கையெழுத்துப் போட வேண்டிய சீனியர், தாளைப் பார்க்காமலே போட்டார்.

இரண்டு வருஷம்.

முதல் ஒரு மாதம் வெட்கமாக இருந்தது. பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

"ஹலோ" என்றது போன். கடைக்காரர் போலிருந்தது. பின்னால் யாரோ பாக்கிச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாரி அவன் பெயரைச் சொல்லி, இவர் வந்தாரா என்றார்.

"அவரேதான் வந்தாரு. அவரேதான் அளந்தாரு."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கடைக்காரரின் முகத்தை அவன் பார்த்ததே இல்லை.

அடுத்த வீட்டில் எடுத்தவருக்குக் காது மந்தம். அதிகாரி மூன்று முறை கத்த வேண்டியிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை அடக்கினார். கேள்வி புரிந்ததும் பெரியவர் பாடம் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார்: "அவரேதான் வந்தாரு, அவரேதான் அளந்தாரு!"

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கடைசிப் பக்கங்களைப் புரட்டி மூன்றாவது எண்ணை அழுத்தினார்.

ஒரு பெண் எடுத்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அவரேதான் வந்தாரு. அவரேதான் அளந்தாரு. சார், சொன்ன மாதிரியே சொல்லிட்டேன்னு அந்த அக்காகிட்ட சொல்லிடுங்க. பாவம், நேத்து அவங்களுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு."

அதிகாரி போனை மெதுவாக அணைத்தார்.

"எந்த அக்கா?"

அவனுக்கு நேற்றைய பகல் நினைவுக்கு வந்தது. தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் அவள் யாருடனோ போனில் பேசிக்கொண்டே இருந்தாள். புரண்டு படுத்தபோதும் பேசிக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னலை விட்டுப் போன பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். "மனுஷன் தூங்க வேணாமா?" என்று கத்திவிட்டுத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நிறுத்தவில்லை.

அதிகாரி மூன்று வீடுகளை எடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். எந்த மூன்று என்று தெரியாது.

"உங்களைத்தான் கேக்கறேன். எந்த அக்கா?"

"தெரியல சார்."

கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. அதுதான் அவனுக்கே ஆச்சரியம்.

அதிகாரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மூணு பேரும் ஆமான்னுட்டாங்க. ரூல் அவ்வளவுதான்" என்று முத்திரையைக் குத்தி, தாளை அவன் பக்கம் தள்ளினார். கையில் கொடுக்கவில்லை.

வெளியே பெஞ்சிலிருந்து அவள் எழுந்து நின்றாள். புருவத்தை உயர்த்திக் கேட்டாள். தாளைக் காட்டினான். அவள் அதை வாங்கி, அவன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "எந்த வீட்டுக்கெல்லாம் போன் போட்டாங்க?" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

சொன்னான். மூன்றாவது வீட்டைச் சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது.

"அந்தக் கைக்குழந்தை வீடா? ஐயோ... அந்த மாடி ரூமை நான் அரை அடி கூட்டி எழுதிட்டேங்க. நேத்து தாளை எடுத்துப் பாக்கும்போதுதான் தெரிஞ்சுது. கேட்டாங்களா?"

"கேக்கல."

"உங்க பேர்ல இருக்கற தாள்ல போய் இப்படிப் பண்ணிட்டேனே" என்றாள். திருடும்போது பிடிபட்டவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.